கேள்விக்குறிக்குக் கை தட்டினோம்

கனடாவில் இருக்கும் மச்சான், அதாவது என் மனைவியின் தமையன், கப்பலில் போட்ட பெட்டி ஒருநாள் வந்து சேர்ந்தது. மேலே உடுப்புகள், நடுவிலே பால்மா டின்களும் சொக்லேட்டும், அடியிலே ஒரு போர்வைக்குள் சுற்றிய கொம்பியூட்டர். பிள்ளையள், நீங்கள் பார்க்கிற கொம்பியூட்டர்போல அது இல்லை. திரையும் பெட்டியும் ஒன்றாகவே இருந்தன. முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் முழுக்க நீலக் கண்ணாடிபோல. உள்ளே இருக்கிற வயர்கள்கூட மங்கலாகத் தெரிந்தன. தூக்கிக்கொண்டு போக மேலே ஒரு கைபிடி. ஆனால் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவு பாரம்.

மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"அது நல்லாப் பழசு மச்சான். நான் வேலை செய்யிற இடத்தில எறியப் பாத்தவங்கள், கேட்டு வாங்கினனான். உள்ளுக்க இருந்ததை எல்லாம் துடைச்சுப்போட்டுத்தான் தந்தவங்கள். நீ எந்த மெசினையும் திருத்துவாய்தானே, பார்."

அவர் சொன்னது பாதி உண்மை. நான் பதினோராம் வகுப்பு, சாதாரண தரம் வரைக்கும் படித்தவன். வயல் செய்கிறேன், மற்ற நேரங்களில் அயலாரின் தண்ணீர்ப் பம்புகளைத் திருத்துகிறேன். பம்ப் தொடங்கவில்லை என்றால் எண்ணெய் வரவில்லை, அல்லது நெருப்பு வரவில்லை. கொம்பியூட்டர் தொடங்கவில்லை என்றால் என்ன வரவில்லை என்று எனக்கு யார் சொல்வது?

பொத்தானை அமத்தினோம். கோயில் மணி ஒருதரம் அடித்து ஓய்ந்ததுபோல 'டோங்' என்றொரு சத்தம். சாம்பல் நிறத் திரை. அதன் நடுவிலே சின்ன ஒரு பைல் மட்டையின் படம். அதற்குள் ஒரு கேள்விக்குறி மினுங்கி மினுங்கி மறைந்தது. அவ்வளவுதான். ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதேதான்.

மகள் அப்போது தரம் எட்டு. அவளோடு படிக்கிற, பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி இதைப் பார்க்கவென்றே வந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது கொம்பியூட்டரோடி, மீன் தொட்டியோ? மீனை எங்க, காணேல்லை?"

"வாணிவிழாவுக்கு வா, காட்டுறன் மீனை," என்றாள் மகள்.

"பள்ளிக்கூடத்துக்கோ? இதையோ?"

"ஓம். வகுப்பில எல்லாற்ற நொடியும் இதில வரும். நொடி வரும், ஒரு விசையை அமத்தினால் விடை வரும். உன்ரையும் வரும்."

கோபத்தில் சொன்ன கதைதான். ஆனால் அடுத்த நாள் அவள் வகுப்பில் எல்லாரிடமும் நொடி கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆளுக்கொரு விடுகதை, வீட்டில் கேட்டதல்ல, சொந்தமாகச் செய்தது. வகுப்பு ரீச்சரும் சரஸ்வதி பூசை நடக்கிற மண்டபத்தில் ஒரு மேசை தருவதாகச் சொல்லிவிட்டா. இனி அந்தக் கேள்விக்குறி போகாவிட்டால் என் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்த்தி நடக்க ஏலாது.

கிளிநொச்சி ரவுணில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிற தம்பியிடம் போனேன்.

"துடைச்சதோட அதை ஓட்டுற மென்பொருளும் போயிட்டுது. லினக்ஸ் போடுங்கோ அண்ணை. உலகம் முழுக்க இருக்கிற ஆக்கள் சேர்ந்து செய்து சும்மா விட்டிருக்கினம். தமிழும் எழுதலாம்," என்று ஒரு சீடி எழுதித் தந்தார்.

வீட்டுக்கு வந்து சீடியைக் கொம்பியூட்டரின் வாய்க்குள் வைத்தேன். உள்ளே இழுத்து விழுங்கியது. கேள்விக்குறி மினுங்கியது. சீடியைத் திருப்பித் தரவும் மாட்டேன் என்றது. மவுஸை அமத்திப் பிடித்துக்கொண்டு தொடக்கினால் துப்பும் என்று மகள் போனில் தேடிக் கண்டுபிடித்தாள். துப்பியது. அப்போதுதான் அவள் இன்னொன்றையும் வாசித்தாள்.

"அப்பா, இதின்ர மூளை வேறயாம். பவர்பிசி எண்டு பேராம். கடையில இருக்கிற கொம்பியூட்டருக்குச் செய்த சீடி இதுக்கு விளங்காதாம்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. டீசல் எஞ்சினுக்குப் பெற்றோல் ஊற்றியிருக்கிறோம். திரும்பவும் ரவுணுக்குப் போய், பவர்பிசிக்கு என்றே செய்த லினக்ஸை எழுதுவித்தேன். இந்தமுறை சீ என்ற எழுத்தை அமத்திப் பிடித்துக்கொண்டு தொடக்கினோம். சீடியில் இருந்து தொடங்கு என்று இந்த மெசினுக்குச் சொல்கிற முறை அது. கேள்விக்குறி போய், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழைபோலக் கொட்டின. மனைவி குசினியில் இருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, பழுதாப் போச்சோ?" என்று கேட்டா. அவவுக்கு அது பழுதுபோல இருந்தது. எங்களுக்கு அது பொங்கல்.

எல்லாம் ஏறி முடிந்து, திரும்பத் தொடங்கியபோது திரை முழு இருட்டு. படம் காட்டுகிற பகுதியோடு லினக்ஸ் ஒத்துப்போகவில்லை. தொடங்குகிற இடத்தில் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்தால் வரும் என்று எங்கேயோ ஒருவர் எழுதி வைத்திருந்தார். சேர்த்தோம், வந்தது. அந்த மனிதர் எந்த நாடோ தெரியாது. அவர் நல்லாயிருக்க வேண்டும்.

மகள் முதலில் 'அம்மா' என்று எழுதினாள். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துவிட்டு 'அப்பா' என்றும் எழுதினாள். பிறகு இருந்து நொடிகளை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பொத்தானை அமத்தினாள். 'டோங்'. கேள்விக்குறி.

நான் சீடியைப் போட்டு முதலில் இருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். பாதி நாள் போனது. அவளுடைய நொடிகளும் போயின. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்ப எழுதினாள். அதன் பிறகு ஒருநாள் ஒழுங்காக வேலை செய்தது. அதற்கடுத்த நாள் திரும்பவும் கேள்விக்குறி. சீடி கீறுப்பட்டுவிட்டது என்று புதுச் சீடி எழுதுவித்தேன். மேசை ஆடுகிறது என்று காலுக்கு மட்டை வைத்தேன். வெக்கை கூட என்று ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். மனைவி தன் பங்குக்கு அதன் நெற்றியில் மூன்று குறி திருநீறு பூசிவிட்டா. மகள் மூன்றாந் தரமும் எல்லா நொடியையும் எழுதி முடித்தாள். வாணிவிழாவுக்கு இன்னும் சில நாள்தான்.

அது புரட்டாதி மாதம். எங்கள் பக்கத்தில் அந்த மாதத்தில் பின்னேரமானால் வானம் கறுத்து இடி முழங்கும். அன்றும் முழங்கியது. மனைவி வழக்கம்போல எழும்பி வீடு முழுக்க நடந்து பிளக்குகளைக் கழட்டத் தொடங்கினா. ரீவி, றேடியோ, போன் சார்ஜர். பிறகு கொம்பியூட்டரின் வயரில் கை வைத்தா.

மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இதையும் கழட்டுறனீங்களோ?"

"கழட்டாமல்? பின்வளவு வீட்டில இடி விழுந்து ரீவி எரிஞ்சது மறந்துபோச்சோ? முதல் நாளே இதையும் கழட்டினனான், விடியத் திரும்பப் போட்டும் விடுறனான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"இடிச்சால் கழட்டுவன். புதன்கிழமை இடிக்கேல்லை, கழட்டேல்லை."

மகள் கதிரையால் துள்ளி எழும்பினாள். "அப்பா! அதுக்கு அடுத்த நாள்தான் இது ஒழுங்கா வேலை செய்தது!"

"சும்மா இரு பிள்ளை. இடிக்கும் இதுக்கும் என்ன?"

"இடிக்கு ஒண்டுமில்லை அப்பா. அம்மாதான்!"

"ஓமோம், கடைசியில என்ர தலையில போடுங்கோ," என்றா மனைவி. சொல்லிக்கொண்டே பிளக்கைக் கழட்டியும் விட்டா. மின்னல் வெட்டுகிறபோது யாரும் அவவோடு வாதாட முடியாது.

அடுத்த நாள் காலை வானம் வெளித்திருந்தது. மூன்று பேரும் மேசைக்கு முன்னால் நின்றோம். பிளக்கைப் போட்டோம். மகள் பொத்தானை அமத்தினாள். 'டோங்'. கேள்விக்குறி மினுங்கியது. மகள் "ஆ!" என்று கத்தினாள், நான் கை தட்டினேன், மனைவியும் சிரித்துக்கொண்டு கை தட்டினா. ஒரு மெசின் தொடங்காததற்கு நான் வாழ்நாளில் சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான்.

மகள் போனில் தேடி வாசித்தாள். நடந்தது இதுதான். அதன் உள்ளே சின்ன ஒரு பற்றி, அதாவது மின்கலம், இருக்கிறது. பிளக்கைக் கழட்டினாலும் எங்கே இருந்து தொடங்க வேண்டும் என்பதை ஞாபகம் வைத்திருப்பதற்கு. வயது போய் அந்தப் பற்றி செத்துவிட்டது. பிளக்கைக் கழட்டினவுடன் லினக்ஸ் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மெசின் மறந்துவிடும். மறந்ததே தவிர, உள்ளே இருந்த ஒன்றும் அழியவில்லை. நான்தான் சீடியைப் போட்டுப் போட்டு அழித்திருக்கிறேன்.

"சீடியை இனித் தொடக்கூடாது," என்று மகள் அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். "என்ர நொடியெல்லாம் உள்ளுக்கதான் இருக்கு."

அந்தப் பற்றி பென்ரோச் பற்றியைப் பாதியாக வெட்டினதுபோல இருந்தது. ரவுணில் மணிக்கூட்டுக் கடைகளில் எல்லாம் கேட்டேன். ஒருவர் அதை விரலுக்குள் உருட்டிப் பார்த்து, "அண்ணை, மற்றப் பாதி எங்க?" என்று கேட்டார். கிடைக்கவில்லை.

அப்படியென்றால் ஒரே வழி, மெசின் மறக்கிற ஒவ்வொரு முறையும் நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். தொடங்குகிறபோது நாலு விசைகளை ஒன்றாக அமத்திப் பிடித்தால் வெள்ளைத் திரையில் அது எங்களுடைய கட்டளையைக் கேட்கும். அந்த விசைகளில் இரண்டு, ரவுண் கடையில் வாங்கின எங்கள் கீபோட்டில் வேறு பெயரில் இருந்தன. கடைத் தம்பி போனில் சொல்லித் தந்தார்: விண்டோஸ் படம் போட்டது ஒன்று, ஆல்ட் மற்றது. அதோடு ஓவும் எஃப்பும். என் விரல்கள் மண்வெட்டி பிடித்த விரல்கள், ஒரு விசையை அமத்தினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து போகும். அதனால் மகள் வேலையைப் பிரித்தாள்.

"நீங்கள் ரெண்டு பிடியுங்கோ, நான் ரெண்டு பிடிக்கிறன். அம்மா பொத்தானை அமத்தட்டும். நான் சொன்னவுடன, முந்தியும் இல்லை பிந்தியும் இல்லை."

மனைவி முந்தினா. பிறகு பிந்தினா. பிறகு நான் வேறு விசையைப் பிடித்தேன். எத்தனையோ தரம் கேள்விக்குறி வந்தபிறகு திரை வெளுத்தது. மகள் ஒரு வரி எழுதினாள்:

boot hd:2,yaboot

இரண்டாவது அறைக்குள் படுத்திருக்கிற ஆளை எழுப்பு என்பதுபோல ஒரு கட்டளை. ஆள் எழும்பியது. நொடிகள் எல்லாம் அப்படியே இருந்தன.

வாணிவிழா அன்று காலை, கொம்பியூட்டரைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்து எங்கள் கையுழவு மெசினான லாண்ட்மாஸ்டரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். மகள் பக்கத்தில் இருந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். மண்டபத்தில் பூசை முடிந்து, பிள்ளைகளும் தாய் தகப்பன்மாரும் மேசையைச் சுற்றி நெருங்கினார்கள். பிளக்கைப் போட்டு, சும்மா ஒருதரம் தொடக்கினோம். எதிர்பார்த்தபடி கேள்விக்குறி.

"மீன் வந்திட்டுது!" என்றாள் பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை. எல்லாரும் சிரித்தார்கள்.

மனைவியைத் தேடினேன். ஆள் அங்கே இல்லை. அவல் குழைக்கிற இடத்தில் மற்றத் தாய்மாரோடு நின்றா. வந்து பொத்தானை அமத்தச் சொல்லிக் கூப்பிட்டால், "ஐயோ, அதிபருக்கு முன்னாலயோ? நான் மாட்டன்!" என்று அவல் கையோடு ஓடிவிட்டா. நாலு விசைகளுக்கு எங்கள் இரண்டு பேரின் கைகளும் சரி. பொத்தானுக்கு யார்? மகளின் முகம் வாடத் தொடங்கியதைக் கண்டேன். பிறகு அவள் சிரித்தவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வாடி. இஞ்ச நில். நான் சொன்னவுடன இதை அமத்து."

"நானோ? பழுதாப் போனால்?"

"பழுதாப் போனால் மீன் விடுவம். வா."

அவள் வந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றாள். "இப்ப!" என்றாள் மகள். 'டோங்'. நாங்கள் இரண்டு பேரும் விசைகளை விடவேயில்லை. திரை வெளுத்தது, முதல் தரமே! மகள் அந்த வரியைப் பாராமல் எழுதினாள். எழுத்துகள் கொட்டத் தொடங்கியதும் சின்னப் பிள்ளைகள் "ஓ!" என்று கத்தினார்கள்.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நொடிகள் ஒவ்வொன்றாக வந்தன, கீழே எழுதினவரின் பெயரோடு. அந்தந்தப் பிள்ளைதான் விடை காட்டுகிற விசையை அமத்தலாம் என்று மகள் சட்டம் போட்டாள். சனம் விலகவில்லை. அதிபரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்து, பிழையான விடைகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொத்தான் அமத்தினவளின் நொடியும் வந்தது.

'காய விட்டால் நித்திரை கொள்ளுவார். ஊற விட்டால் எழும்புவார். ஆர்?'

"தவளை!" என்றார் அதிபர். "தவளை!" என்றார்கள் பின்னால் நின்ற தகப்பன்மார். நானும் சொன்னேன், மற்றவர்களைவிடப் பலமாக. அவள் இல்லை இல்லை என்று தலையாட்டி, எங்களை எல்லாம் நல்லாக் காக்க வைத்துவிட்டு, விசையை அமத்தினாள்.

விதைநெல்லு.

மண்டபமே சிரித்தது. நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் வயல்காரர். நான் அன்று விடிய எழும்பி, இரண்டு மூட்டை விதைநெல்லைத் தொட்டியில் ஊறப் போட்டுவிட்டுத்தான் அங்கே வந்திருந்தேன்.