நேற்றைய படத்தின் மேல் இன்றைய படம்

மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் கடையொன்றில் எனக்கு வேலை. நாள் முழுக்கத் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு வேறு ஏதாவது வேண்டாமா? கொழும்பில் வேலை செய்யும் மகள், தான் பாவித்த போனை என்னிடம் தந்ததிலிருந்து படம் எடுக்கும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. மழைத் தண்ணீர் தேங்கிய குழியில் போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தண்ணீரைத் தொடுகிற மாதிரி வைத்து எடுத்தால், இரத்தோட்டை பஸ் ஸ்டாண்டே ஒரு குளக்கரையாகிவிடும். நான் அப்படிக் குனிந்து கிடப்பதைப் பார்த்து, "ஐயா, காசு ஏதும் விழுந்திருச்சா?" என்று பஸ்காரர்கள் கேட்பார்கள். பதில் சொல்லமாட்டேன். ரசனை இல்லாதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது.

போனில் நான் இறக்கிவைத்திருந்த ஆப்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. முந்தி எடுத்த படம் அதில் புகை மாதிரி மங்கலாகத் திரையில் நிற்கும். இப்போது கெமராவுக்குத் தெரிவதை அதன்மேல் சரியாகப் பொருத்திவிட்டு அமுக்க வேண்டும். ஒரே இடத்தை ஒரே கோணத்தில் இப்படித் தினமும் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டால், ஒரு வருஷத்து மழையும் வெயிலும் கண்முன்னே ஓடிப்போகும். நான் எங்கள் வீட்டு முன்பக்க இஸ்தோப்பிலிருந்தே எடுக்கத் தொடங்கினேன். முன் தூணில் ஒரு சிறு பலகையை அடித்து, போன் ஆடாமல் நிற்க இடம் செய்தேன். முற்றத்து ஓரத்தில் கரண்ட் போஸ்ட், பக்கத்தில் கொய்யா மரம், அதற்குக் கீழே தேயிலை, தூரத்தில் நக்கிள்ஸ் மலை. வேலைக்குப் போகுமுன் ஒரு படம்.

அந்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானும் மனைவியும் தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டில் பிறந்து, லயத்திலேயே குடித்தனம் நடத்தியவர்கள். வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கிடைத்தபோது எங்களுக்கு இளமை போய்விட்டது. லொறி வராத பாதையில் கல்லும் மணலும் சுமந்து கட்டினோம். கொழுந்துக் கூடையின் கயிறு பதிந்த தலையில் அவள் சீமெந்துப் பையை ஏற்றிக்கொண்டு படியேறியது என் கண்ணிலேயே நிற்கிறது. குடிபோன அன்று, "இனிமே பக்கத்து வீட்டு ஆளு இருமினா நமக்கு கேக்காது" என்று சொல்லிச் சிரித்தாள். எங்கள் இருவருக்கும் அந்த வீட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை.

மழை விடாமல் பிடித்திருந்த ஒரு காலையில் படம் பொருந்தவில்லை. மலையைப் பொருத்தினால் போஸ்ட் விலகியது. போஸ்டைப் பொருத்தினால் மலை விலகியது. கை நடுக்கம் என்று நினைத்தேன். பலகையில் இருக்கும் போனுக்கு என் கை நடுங்கினால் என்ன? உறையைக் கழற்றிப் பார்த்தேன். பலகையை அசைத்துப் பார்த்தேன், அது கெட்டியாக இருந்தது. சாயத்தண்ணி கொண்டுவந்த மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு வேலைக்குப் போற எண்ணம் இருக்கா, இல்லியா?"

"போஸ்ட் சாஞ்சிருச்சு புள்ள. நட்டவங்க ஒழுங்கா நட்டிருந்தாதானே."

போஸ்டை நட்டவர்களை பஸ் ஏறும்வரை வைதுகொண்டே போனேன்.

அதுவரை சேர்ந்த படங்களை வீடியோவாக்கி பேஸ்புக்கில் போட்டேன். எங்கள் கடைக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவர், "மலை அசையாம நிக்கிது, போஸ்ட் மட்டும் டான்ஸ் ஆடுது. என்ன எபெக்ட் அண்ணே இது?" என்று எழுதியிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நான் எபெக்ட் போட்டு ஏமாற்றுகிறவனா? போஸ்ட் சாய்ந்துதான் இருக்கிறது என்று அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற ரோசத்தில், மத்தியானம் கடையின் பின்பக்கம் சாக்கு மூட்டையில் உட்கார்ந்து முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

போஸ்ட் சாயவில்லை. நேராகத்தான் நின்றது. கொய்யா மரமும் நேராகத்தான் நின்றது. இரண்டும், தங்களுக்கு இடையிலிருந்த தூரம்கூட மாறாமல், சேர்ந்தே கீழே இறங்கியிருந்தன. அசைந்தது போஸ்ட் இல்லை, எங்கள் முற்றம்.

கட்டிக்கொண்டு போன சோற்றை அப்படியே மூடிவைத்தேன். முதலாளியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பயமாக இருந்தது. பொய்யாக இருக்கவேண்டும், என் கணிப்பு பிழையாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

மனைவியிடம் இரண்டு படங்களையும் காட்டினேன். அவள் என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய், அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் விரித்திருந்த சாக்கை விலக்கினாள். சுவரோரமாகத் தரை வெடித்திருந்தது. வெடிப்பின்மேல் சீமெந்து பூசி, அதுவும் வெடித்து, அதன்மேலும் பூசியிருந்தது.

"நான்தான் பூசினேன். புது வீடுன்னா அப்பிடி இப்பிடி வெடிக்கும்னு நெனச்சேன். பின் கதவும் மூடுதில்ல. மழைக்கு பலகை ஊதியிருக்குன்னு விட்டுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மட்டும்?" என்றாள். பிறகு அடக்கமாட்டாமல் கத்தினாள். "மொதல்ல அந்த ஆப்ப அழிங்க! அது வந்த பொறகுதான் எல்லாம்!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அழிக்கத்தான் கை போனது.

மறுநாள் கிராம சேவகரிடம் போனோம். அவர் மேலே அறிவிக்க, மண்சரிவு பார்க்கும் ஆட்கள் வந்தார்கள். முற்றத்தில் குச்சிகள் அடித்து அளந்தார்கள். அவர்களில் மூத்தவராக இருந்த சிங்களப் பெண் அதிகாரி என் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். இடையில் நிறுத்துவார், பெரிதாக்குவார், பின்னுக்குப் போவார். "மிகக் கவனமாக எடுத்திருக்கிறீர்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். என் படங்களை அதுவரை யாரும் அவ்வளவு ஊன்றிப் பார்த்ததில்லை. அந்தப் பாராட்டைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அடுத்த பெரிய மழைக்கு முன்னம் வீட்டை விட்டு இறங்கிவிடச் சொன்னார். கதவில் சிவப்பு எழுத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள்.

இப்போது டவுனில், ஒரு கடைக்குப் பின்னாலுள்ள அறையில் வாடகைக்கு இருக்கிறோம். மாற்றுக் காணி தருவார்கள் என்கிறார்கள், தரும்போது தரட்டும். வீடு இன்னும் விழவில்லை. காண்கிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னால், "அப்பறம் எதுக்கு வந்தீங்க?" என்கிறார்கள். எனக்கு வரும் கோபத்தில் இரண்டு கேள்வி நறுக்கென்று கேட்கலாம்; ஆனால் கேட்பதில்லை. சில நாள் எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். பின் கதவு நிலையை விட்டுக் கழன்று தொங்கியது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

நேற்றுக் காலையில் மழை விட்டு நல்ல வெளிச்சம். அறையின் ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரைகளில் ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. வந்த நாளிலிருந்து நான் ஒரு படமும் எடுக்கவில்லை. பழக்க தோஷத்தில் போனை எடுத்து ஜன்னல் கம்பிமேல் வைத்தேன். அடுப்படியிலிருந்து எழுந்து வந்த மனைவி, ஈரக் கையால் லென்ஸைப் பொத்தினாள்.

"சும்மா ஒரு படம் புள்ள" என்றேன்.

"அங்கயும் சும்மாதான் எடுத்தீங்க" என்றாள். கையை எடுக்கவில்லை. "இதுவும் நகருதுன்னு தெரிஞ்சா, நம்ம எங்கங்க போறது?"