ஸ்டெல்லா டீச்சரின் பழைய மெயில்கள்

1. எங்கள் இரும்புலியூர் மாடி வீட்டு ஸ்டெல்லா டீச்சர் புது லேப்டாப் வாங்கினார்.
2. பழைய கம்ப்யூட்டரில் இருந்த மெயில்களை அதற்கு மாற்றித் தரச் சொன்னார்.
3. எல்லாம் மெயில் கம்பெனியின் சர்வரில் இருக்கும் என்று நம்பிப் பழையதை முழுக்க அழித்தேன்.
4. சர்வரில் ஒன்றுமே இல்லை. மெயில்களை இறக்கியதும் சர்வரிலிருந்து நீக்கும்படி அந்தக் கம்ப்யூட்டரை யாரோ அமைத்திருந்தார்கள்.

ஒரு நிமிடம் சரிபார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்காததற்குக் காரணம் இளக்காரம். பாஸ்வேர்டுகளை ஞானப்பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பவர், முக்கியமான மெயிலையெல்லாம் பிரிண்ட் எடுத்து ஃபைலில் கோர்ப்பவர், எனக்கு என்ன சொல்லித்தர முடியும்?

"பழசை ஒரு வாரம் அப்படியே வெச்சிரும்மா" என்று அழிப்பதற்கு முன்பே சொன்னார்.

"அதெல்லாம் அந்தக் காலம் டீச்சர்."

அலுவலகத்தில் பேக்கப் எடுக்காதவர்களைத் திட்டுவதுதான் என் வேலை.

திங்கட்கிழமை அவருக்குக் குரோம்பேட்டைப் பள்ளி ஒன்றில் நேர்முகத் தேர்வு. முன்பு வேலை பார்த்த கோவிலம்பாக்கம் பள்ளியை மூடிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த அனுபவச் சான்றிதழ் மெயிலில்தான் வந்திருந்தது.

"எல்லாம் போயிடுச்சு டீச்சர்" என்றேன்.

அவர் திட்டவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து ஃபைலை இழுத்து, சான்றிதழைத் தேடி எடுத்தார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதும்மா. அதனாலதான் ரெண்டு இடத்துல வெச்சிருக்கேன். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அன்று என்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

டீச்சருக்கு வேலை கிடைத்துவிட்டது. பிரிண்ட் எடுக்காத மெயில்கள் திரும்பவில்லை. லேப்டாப்பில் ஏதாவது கோளாறு என்றால் அவர் என்னைக் கூப்பிடுவதில்லை.