அறுபத்து நான்கில் இரண்டு

"தோசைக்கல்லு நாலு இருக்குதுங்க சார்" என்று கேன்டீன்காரர் சொன்னாலும், ஜெரோம் எக்கி உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் டோக்கன் வாங்குவார். "இருக்கறது நாலு, செரிங்க. நம்முளுக்கு எரியறது எத்தனைங்க?" பெரும்பாலும் ஒன்றுதான் எரியும். அவர் இட்லிக்குப் போய்விடுவார்.

சரவணம்பட்டியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில் அவர்தான் மூத்தவர். வயது நாற்பத்தேழு, அந்த மாடிக் கணக்கில் அது கிழப்பருவம். கணினித் திரையில் எழுத்தை அவ்வளவு பெரிதாக வைத்திருப்பதால் அவர் மேஜைக்கு 'பஸ் போர்டு' என்று பெயர். "கண்ணு போச்சுங்க, என்னத்தப் பண்றது" என்று கேலி செய்தவர்களோடு சேர்ந்து அவரும் சிரிப்பார்.

எண்ணிக்கை சொல்பவரை நம்பாத குணம் காரமடைப் பக்கத்தில் வந்தது. அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போன தோப்பில் முந்நூறு தென்னை. "எங்களுக்குனு உட்டது ரெண்டு மரத்து மட்டைங்க" என்பார். அந்தத் தோப்பைப் பற்றி அவர் வேறெதுவும் சொல்லிக் கேட்டவர் இல்லை.

ஆஸ்பத்திரி ஸ்கேன் படங்களைப் பிரித்து மருத்துவர்களுக்கு அனுப்பும் மென்பொருள் அவர்கள் குழுவுடையது. போன மாதம் அதைப் புதிய பெரிய சர்வருக்கு மாற்றினாள், குழுவில் புதிதாகச் சேர்ந்த ஷைமா. அன்றிலிருந்து அது நத்தையாய் நகர்ந்தது. ஷைமாவுக்குத் தகுதிகாண் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று மேலாளர் சசிதர் அன்றைக்குச் சொல்லவேண்டும். தப்பு தன்னுடையதுதான் என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு அம்மணி, அதுகிட்டயே கேட்டுப்போடலாம்" என்று புதன்கிழமை நாற்காலியை இழுத்துப்போட்டார் ஜெரோம். வேலை செய்ய உனக்கு எத்தனை பிராசசர் என்று மென்பொருளைக் கேட்டால், அறுபத்து நான்கு என்றது. அதற்கு அந்த எண்ணைச் சொன்னது சர்வர் இயந்திரத்தோடு வரும் ஆயத்த நிரல் தொகுப்பான சிஸ்டம் லைப்ரரி. லைப்ரரி முழு இயந்திரத்தையும் எண்ணிச் சொல்லியிருந்தது. ஆனால் அந்த இயந்திரத்தைப் பல மென்பொருள்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. இதன் பங்கு இரண்டே இரண்டு. அது தெரியாமல் வேலையை அறுபத்து நான்கு கூறாக்கி ஒரே நேரத்தில் ஓடவிட்டிருக்கிறது. இரண்டு இலை போட்ட பந்தியில் அறுபத்து நான்கு பேர் முண்டியடித்தால் யார் சாப்பிட்டு எழுவது?

"லைப்ரரி பொய் சொல்லல அம்மணி. இருக்கறதச் சொல்லுச்சு. நம்முளுக்கு எத்தனைன்னு கேக்காம உட்டது எழுதுனவன் தப்பு."

ஷைமா தெளிந்த முகத்தோடு தேநீர் குடிக்கப் போனாள். எழுதியவன் யார் என்று ஜெரோம் தேடினார். ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் பெயரும் ஆண்டும் பக்கத்திலேயே பதிந்திருக்கும். எட்டு வருடத்துக்கு முந்தைய வரி. பெயர் ஜெரோம்.

அப்போது அந்த மென்பொருளுக்கென்றே தனி இயந்திரம் இருந்தது. இருப்பதும் கிடைப்பதும் ஒன்றாக இருந்த காலம். வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான் அவர் எக்கிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அவர் பயந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. அவர் வயதுக்காரர்கள் இரண்டு பேரை இந்த வருடம் பூச்செண்டு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஒரு வரியை மாற்றி எழுதிவிட்டுச் சும்மா இருந்தால் பழைய பெயரை யாரும் தோண்டப்போவதில்லை. இரண்டு நாளாக அவர் கேன்டீனில் எரியும் கல்லைக்கூட எண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சசிதர் கோபப்படாமல்தான் பேசினார். காரணம் தெரிந்துவிட்டது சரி, ஆனால் சர்வரை மாற்றியவர் இதைப் பார்த்திருக்க வேண்டாமா என்றார். ஷைமா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெரோம் எழுந்து தன் மடிக்கணினியைச் சுவர்த்திரையோடு இணைத்தார். "மாத்துனது யாருன்னு பாத்துட்டீங்க. எழுதுனது யாருன்னும் ஒருக்கா பாத்துப்போடுங்க."

நிரலின் வரிகள் சுவரில் எறும்புச் சாரையாக விழுந்தன. பின்வரிசையில் நவநீத், எழுத்தே தெரியவில்லை என்றான். ஜெரோம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எட்டு வருடத்துக்கு முந்தைய அந்த வரிக்குப் போய், எழுத்தைப் பெரிதாக்கினார். போதும் சார் என்று யாரோ சொன்னார்கள். சுவர் முழுக்கத் தன் பெயர் மட்டும் நிற்கும்வரை பெரிதாக்கிக்கொண்டே போனார்.