பிரான்சிஸ்காவின் பெட்டிக்கு நித்திரை உண்டு

காதைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, செபமாலையின் மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாள் பிரான்சிஸ்கா. மணிக்கொரு மன்றாட்டு. பெட்டி உறுமும் நேரத்துக்கு ஒரு கணக்கு. உறுமல் நின்றதும் வேறொரு கணக்கு. "மாதா கோவிக்கமாட்டா. எங்கட வீட்டில மணிக்கூடு இல்லையெண்டு அவவுக்குத் தெரியும்" என்று யாரும் கேளாமலே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

பள்ளிமுனைக் கரையில் மீன் வாங்கி விற்பவள். உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரக் கடற்படை தன் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, எல்லோரும் கட்டிலுக்கும் தகரத்துக்கும் அடிபட, இவள் மட்டும் கரண்டில் ஓடும் ஒரு வெள்ளை ஐஸ் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஊர் சிரித்தது. அதுவரை பொழுது சாய்ந்தால் வியாபாரிகள் வைத்ததுதான் விலை. இருட்டினால் மீன் நாறிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது இறால் கூடையைத் திறந்து காட்டி, "வேணுமெண்டா எடுங்கோ, இல்லாட்டி பெட்டிக்குள்ள கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போடுவாள். அந்த ஒரு வசனத்தைச் சொல்வதற்காகவே அவள் பிறந்தாள் போலிருக்கும்.

பெட்டிக்குக் கரண்ட் அப்துல் றசாக் நானாவிடமிருந்து வருகிறது. அவருடைய எஞ்சின் பகலில் நெல் குத்தும், இரவில் கடைத்தெருவுக்கு விளக்கெரிக்கும். மீட்டர் கீட்டர் எதுவும் கிடையாது. வீட்டுக்கு எத்தனை பல்போ அதற்கேற்ற வாடகை. பெட்டியில் அடித்திருந்த பித்தளைத் தகட்டை வாசித்துப் பார்த்து, அது ஆறு பல்புக்குச் சமம் என்றார் நானா. அதுவும் இரவில் மட்டும் எரியும் பல்பு அல்ல, இராப்பகலாக எரியும் பல்பு. அந்த வாடகையைக் கொடுத்தால் இறால் விற்ற காசு முழுவதும் அவருடைய எஞ்சினுக்கே போய்விடும்.

"அது முழுக்க ஓடேல்ல நானா. ஓடிப்போட்டு நித்திரை கொள்ளுது."

"சுவிச்சை நீங்க தொடுறதே இல்ல. பிறகென்னண்டு நிக்கும்? கரண்ட் சாமான் நித்திரை கொள்ளுறத நான் காணேல்ல தங்கச்சி. கணக்குச் சரிவராட்டி வயரக் கழட்டுறன்."

"கழட்டுறதுக்கு முதல் வந்து இருந்து பாருங்கோ!"

போன சனிக்கிழமை பின்னேரம் வந்தார். அவளுடைய செபமாலையை நம்பாமல் தன்னுடைய தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு அமர்ந்தார். பிரான்சிஸ்காவுக்குக் கையும் காலும் ஓடவில்லை. இவ்வளவு பெரிய மனுசர் வந்திருக்கிறார், வெறும் வாயோடு இருத்தலாமா? பெட்டிக் கதவைத் திறந்தாள், ஐஸ் உடைத்தாள், சர்பத் கலந்தாள். நானாவைப் பார்க்க வந்த அயல்வீட்டு அன்ரோனெற்றுக்கு ஒரு துண்டு, அவள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் கதவு திறந்தது. பெட்டி உறுமியது, உறுமியது, உறுமிக்கொண்டேயிருந்தது.

"என்ட தஸ்பீஹ் களைச்சுப் போச்சு, உங்கட பெட்டி களைக்கேல்லயே" என்று சிரித்தபடி எழுந்தார் நானா.

அவள் பெட்டியை முறைத்தாள். தினமும் நிற்கிற சனியன் இன்றைக்குப் பார்த்து இப்படி மானத்தை வாங்குகிறதே! அந்த நேரம் கடைசிப் பிள்ளை மறுபடியும் ஐஸுக்குக் கை நீட்ட, பழக்கதோஷத்தில் கதவைத் திறந்தாள். உள்ளிருந்த குளிர் அவள் பாதத்தில் வழிந்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ நானா, இருங்கோ, போகாதேங்கோ! நான்தான் எழுப்பிக்கொண்டிருக்கிறன்! குளிர் போகப் போக அது நித்திரை கொள்ளுமே?"

அவள் குரலைக் கேட்டு நானா மறுபடி அமர்ந்துவிட்டார். பிள்ளைகளை வெளியே துரத்தினாள். பெட்டியின் கதவை அறைந்து சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றாள். தலையிடிக்கு ஐஸ் கேட்டு வந்த பஸ்ரியனை வாசலிலேயே திருப்பினாள். வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காத வீடு என்று நாளைக்குக் கரை முழுக்கப் பேசும், பேசட்டும்.

நேரம் போனது. பெட்டி ஒருமுறை குலுங்கியது. டக்.

அமைதி. சுவர்ப் பல்லியின் சத்தம் கேட்டது. பிரான்சிஸ்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை உதட்டில் வைத்தாள். நானா கண்ணை அகல விரித்துக்கொண்டு தஸ்பீஹை உருட்டத் தொடங்கினார். சுற்றுக்கு மேல் சுற்று. மறுபடி உறுமியதும் புதிதாக எண்ணினார். ஓடியதும் நின்றதும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி.

"அல்லாஹ்வே, மெய்தான் தங்கச்சி! அரைவாசி நேரம் சும்மாதான் நிக்கிது. மூண்டு பல்பு."

"இராவில ஒருத்தரும் திறக்கிறேல்ல, இன்னும் கூட நித்திரை கொள்ளும். ரெண்டரை!"

"உங்களோட கதைச்சு வெல்ல ஏலாது. சரி, ரெண்டரை."

பிரான்சிஸ்கா பெரிதாகச் சிரித்துவிட்டாள். கண்ணும் கலங்கியது. நானா தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். "எண்ணி எண்ணி நாக்கு வறண்டு போச்சு. அந்த ஐஸ் சர்பத்தில இன்னும் ஒரு கோப்பை தாங்கோவன்."

"ஓம் நானா, இந்தா!" என்று ஆவலோடு திரும்பி, கைப்பிடியைப் பற்றினாள். பற்றிய கை அப்படியே நின்றது. மெல்ல அதை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, மூலையிலிருந்த மண்பானைத் தண்ணீரில் கோப்பையைத் தோய்த்தாள்.