பாண்டியம்மாளின் ஈக்களும் வெல்லத் தண்ணீரும்

மயிலாடும்பாறை பாண்டியம்மாளிடம் பதினொரு தேனீப் பெட்டிகள் இருந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். ஒன்பதுதான். மற்ற இரண்டும் காலிப் பெட்டிகள். கூட்டம் பிரிந்தால் பிடித்து வைப்பதற்காகக் கழுவிக் காயவைத்திருந்தவை. அந்த ஒன்பதும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இது தெரியாதவர்கள்தான் 2003ல் அவரிடம், "ஈதானே, வேற வாங்கிக்கலாம்" என்று ஆறுதல் சொன்னார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தென்மாவட்டங்களில் நாட்டுத் தேனீக்களுக்கு ஒரு வைரஸ் நோய் வந்தது. அடையின் அறைக்குள் இருக்கும் புழு, கூட்டுப்புழு ஆவதற்கு முன்பே தலையைத் தூக்கியபடி செத்து, தண்ணீர் கோத்த சின்னப் பை போல ஆகிவிடும். வேலைக்கார ஈக்கள் அந்தப் பைகளை இழுத்து வெளியே போட்டுப் பார்க்கும். முடியாமல் போனால் கூட்டையே விட்டுப் போய்விடும். ஊர் ஊராகப் பெட்டிகள் காலியாயின. பயிற்சி முகாமில் பாண்டியம்மாளோடு சேர்ந்து பெட்டி வாங்கிய பெண்கள் ஒவ்வொருவராக அதைக் கோழி அடைக்கவும் துணி வைக்கவும் எடுத்துக்கொண்டார்கள். இவரிடம் இருந்தவற்றிலும் 1996ல் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

அந்த ஒரு கூட்டத்துக்கும் நோய் வந்தது. ஆனால் அதன் ஈக்கள் செத்த புழுவை உடனுக்குடன் வெளியே தள்ளின. ராணி முட்டையிடுவதை நிறுத்தி, பிறகு மறுபடி இட்டாள். கூட்டம் தேறியது. பாண்டியம்மாள் அதிலிருந்து தேன் எடுக்கவே இல்லை. அது பெருகியதும் இரண்டாகப் பிரித்தார். அதை மறுபடி பிரித்தார். பிரித்தவற்றில் சில நின்றன, சில பறந்துபோயின. ஒன்பது பெட்டி சேர ஏழு வருடம் ஆயிற்று. இலவம்பஞ்சு உடைக்கும் கொட்டகையில் வேலை பார்த்த அவர் கணவர் சுருளிவேல், "இவ ஈக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டுத் திரியுறா" என்பார். ஒரு வகையில் சரியான பேச்சுதான். நோயைத் தாங்கிய வம்சம் அறுந்துபோகாமல் இருக்க வேண்டும் என்பது தவிர அந்த ஏழு வருடமும் அவருக்கு வேறு நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

நோய்க்குப் பிறகு அவருக்கு வாய்த்த தலைவலி கர்ணன். சுருளிவேலுக்குச் சித்தப்பா மகன். பக்கத்துத் தோட்டத்தில் ஐந்து ஏக்கர் செடிமுருங்கை போட்டிருந்தார். முருங்கையில் பூ உதிர்வது இயற்கை. ஆனால் உதிர்ந்த பூவைக் கையில் அள்ளிக்கொண்டு வேலி ஓரம் வந்து நிற்பது கர்ணனுக்கு வழக்கம்.

"மதினி, உங்க பிள்ளைக பூவுல இருக்க சத்தெல்லாம் உறிஞ்சிருதுக. இங்கன பாருங்க, அம்புட்டும் கீழ கெடக்கு."

"ஏன் கொழுந்தனாரே, என் பிள்ளைக வாரதுக்கு முன்னாடி உங்க தாத்தா காலத்துல பூ உதிரவே இல்லையோ?"

"அப்ப இம்புட்டு ஈ இல்லைல."

"இம்புட்டுக் காயும் இல்லைல. ஒரு கொத்துக்கு வலையப் போட்டுக் கட்டி வைங்க. ஈ போகாத கொத்துல என்ன காய்க்குதுன்னு பாத்துட்டு வந்து பேசுங்க."

கர்ணன் கட்டவில்லை. அடுத்த பருவத்திலும் கட்டவில்லை. பெட்டிகளை ஓடைக்கு அந்தப் பக்கம் தள்ளி வைக்கச் சொல்லி ஊரில் நான்கு பேரைக் கூட்டிப் பேசினார். தேனீ பூவின் சத்தைத் திருடுகிறது என்பதை அந்த நான்கு பேரும் நம்பினார்கள். பாண்டியம்மாள் அப்போது இருந்த ஏழு பெட்டிகளையும் தலையில் சுமந்து ஓடைக்கரையில் ஆரம்பித்து மேட்டுத் தரிசு வரை வரிசையாக வைத்தார். அந்தத் தரிசில் இலவ மரங்கள் நின்றன. தேனீக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை. அவை அங்கிருந்தும் முருங்கைக்கே வந்தன.

கடைசியில் வலையைக் கட்டியது பாண்டியம்மாள்தான். கர்ணன் சந்தைக்குப் போயிருந்த நாளில், அவர் தோட்டத்திலேயே, பழைய கொசுவலைத் துணியால் நாலைந்து கொத்துகளைக் கட்டிவிட்டு வந்தார். காய் இறங்கும் நேரத்தில் கர்ணன் அந்தத் துணிகளைக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். வலைக்குள் காம்பு மட்டும் இருந்தது. பக்கத்துக் கொத்தில் காய் தொங்கியது.

அதன் பிறகு அவர் மாறிய வேகம் பாண்டியம்மாளுக்கே பயமாக இருந்ததாம். பெட்டிகளைத் தன் வரப்பிலேயே வைக்கச் சொல்லி, இரண்டைத் தானே ஓலை நிழல் போட்டு வைத்துக்கொண்டார். மேட்டுத் தரிசில் இரண்டு மட்டும் அப்படியே நின்றன. ஈ உட்கார்ந்திருந்தால் அந்தக் கிளையில் காய் பறிக்க விடமாட்டார். பங்காளிகளிடம், "ஈ இல்லைன்னா முருங்கை மலடுடா" என்று பாடம் நடத்தினார். அந்த நான்கு பேரிடமும் அவர்தான் போய்ப் பேசி, ஊரில் ஒரு ஏற்பாட்டையும் கொண்டுவந்தார். யார் பூச்சிமருந்து அடித்தாலும் முந்தின சாயங்காலமே பாண்டியம்மாளிடம் சொல்லிவிட வேண்டும். அவர் விடியுமுன் பெட்டிகளின் வாசலைக் கம்பிவலை வைத்து அடைத்து, மேலே ஈரச் சாக்குப் போட்டு, பொழுது சாயத் திறந்துவிடுவார். இந்த ஏற்பாடு எல்லோரும் மதித்து நடந்த ஏற்பாடு. அதைச் சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

2003 தொடக்கத்தில் மழை பொய்த்திருந்தது. முருங்கை பூத்தது, ஆனால் பூவில் தேன் ஊறவில்லை. ஈக்கள் முருங்கையை விட்டுவிட்டு ஓடைக்கரைப் புங்க மரங்களுக்கும் இலவ மரங்களுக்கும் போயின. கர்ணன் கவலையோடு வந்தார்.

"மதினி, ஒரு ஈயக் காணோம். என்ன கோவம் என் மேல?"

"கோவமெல்லாம் இல்ல. உங்க பூவுல ஒண்ணும் இல்ல, வரமாட்டேங்குதுக. வெல்லத்தத் தண்ணியில கரைச்சு, வெயில் ஏறுமுன்ன பூ மேல லேசாத் தெளிச்சு விடுங்க. வாசத்துக்கு வரும்."

இது அவர் பயிற்சி முகாமில் கேட்டது. தவறான யோசனை இல்லை. பல இடங்களில் செய்வதுதான்.

அதே வாரத்தில் கர்ணனின் தோட்டத்தில் மொட்டுப்புழு இறங்கியது. மருந்து அடிப்பதற்கு ராக்கையா என்பவர் பவர் ஸ்பிரேயரோடு வருவார்; ஊருக்கெல்லாம் அவர் ஒருவர்தான். அவர் ஒரு தோட்டத்துக்கு இரண்டு முறை வர மாட்டார். கர்ணன் யோசித்தார். ராக்கையாவும் யோசித்தார். சாயங்காலம் கர்ணன் முறைப்படி பாண்டியம்மாள் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார்:

"நாளைக்குக் காலையில வெல்லத் தண்ணி அடிக்கேன் மதினி. நல்லா வயித்த நிரப்பிக்கிடச் சொல்லுங்க உங்க பிள்ளைகள."

"பந்தியே போடுறீகளாக்கும். சரி, நடத்துங்க."

பாண்டியம்மாள் வாசல்களை அடைக்கவில்லை. வெல்லத் தண்ணீருக்கு எதற்காக அடைக்க வேண்டும்?

மறுநாள் காலை பத்து மணிவாக்கில் தோட்டம் முழுக்க இரைச்சல். அத்தனை ஈயை ஒன்றாகப் பார்த்ததில்லை என்று கர்ணன் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார். பாண்டியம்மாள் சந்தோஷமாகத்தான் போனார். வரப்பில் முதல் பெட்டியின் வாசல் பலகையில் ஒரு ஈ நாக்கை நீட்டிக்கொண்டு, ஒரே இடத்தில் பம்பரம்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. பெட்டிக்குக் கீழே புல்லில் ஊர்ந்தவற்றைப் பார்த்ததும் அவர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். ஓடிய வேகத்தில் முதலில் கையில் கிடைத்தது ராக்கையாதான்.

"டேங்க்ல என்ன ஊத்துன?"

"வெல்லம்தான் ஆத்தா. கூட மருந்து ஒரு மூடி. ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிரும்னு அண்ணந்தான் சொன்னாக."

கர்ணன் இன்னும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். பாண்டியம்மாள் முகத்தைப் பார்த்த பிறகே சிரிப்பு நின்றது. காலி டப்பாவை எடுத்துவந்து அவரிடம் நீட்டினார்.

"புழு மருந்துதான் மதினி. இந்தா, படத்தப் பாருங்க. புழுப் படம்தான போட்டிருக்கு. ஈப் படம் இருந்தா நான் தொடுவேனா?"

பாண்டியம்மாள் டப்பாவை வாங்காமல் அடுத்த பெட்டிக்கு ஓடினார்.

மருந்து மட்டும் அடித்திருந்தால் வெளியே போன ஈக்களில் ஒரு பகுதிதான் செத்திருக்கும். வெல்லம் கலந்திருந்ததால் அவை அதைக் குடித்து, வயிற்றில் சேர்த்து, கூட்டுக்குக் கொண்டுவந்து அடையில் ஊற்றிவிட்டன. கூட்டுக்குள் இருந்த இளம் ஈக்கள் அதை எடுத்துப் புழுக்களுக்கு ஊட்டின. மூன்றாம் நாள் ராணிகள் சாக ஆரம்பித்தன. அவர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து அடைகளை அறுத்துக் குழியில் போட்டு மண் தள்ளினார். தேனும் இருந்தது. சுருளிவேல் மட்டும், "தேனையாவது எடுத்து வச்சா என்ன" என்று கேட்டுவிட்டு, அவர் பார்த்த பார்வையில் வெளியே போய்விட்டார்.

வட்டாரத்தில் புதிதாக வந்திருந்த வேளாண் அதிகாரி ஜெபராணி நேரில் வந்தார். நல்ல பெண். குழியருகே வெகுநேரம் நின்றார். டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார். பூக்கும் பருவத்தில் அடிக்கக் கூடாது என்று அதில் இருந்தது, கடுகை விடச் சின்ன எழுத்தில். "ஆடோ மாடோ செத்திருந்தா நிவாரணத்துக்கு எதாவது எழுதிப் பாக்கலாம்க்கா. ஈக்கு எந்தப் பிரிவுல எழுதுறதுன்னு எனக்கே தெரியல" என்றார். மருந்துக்கடைக்காரர் தன் பங்குக்கு, பெட்டியில் எறும்பு வந்தால் தூவ ஒரு பவுடர் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

மேட்டுத் தரிசில், இலவ மரங்களை ஒட்டி இருந்த இரண்டு பெட்டிகளில் மட்டும் கையளவு ஈ மிஞ்சியது. இரண்டிலும் ராணி இருந்தாள். தனித்தனியே விட்டால் இரண்டும் சாகும். சேர்த்தால் ஒன்று பிழைக்கலாம். சேர்க்க வேண்டுமானால் ஒரு ராணியை எடுத்துவிட வேண்டும். ஒருத்தி முட்டையை ஒழுங்காக இட்டிருந்தாள், மற்றவள் சிதறலாக. சிதறலாக இட்டவளை அவர் விரல்களுக்கு இடையில் வைத்து நசுக்கினார். இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே செய்தித்தாளை வைத்து ஒன்றாக்கினார். ஈக்கள் தாளைக் கடித்து ஓட்டை போட்டு, சண்டையில்லாமல் சேர்ந்தன.

அந்த ஒரு பெட்டியை எங்கே வைப்பது? கம்பம் பக்கம் திராட்சை. பந்தலுக்கு வாராவாரம் மருந்து. பெரியகுளம் பக்கம் மா. பூவெடுக்கும்போதே தத்துப்பூச்சிக்கு அடிப்பார்கள். மலைமேல் ஏலத்தோட்டத்தில் வைக்கலாம் என்று ஒருவர் சொல்ல, மருந்திலேயே குளிக்கும் அந்த இடத்துக்கு ஈக்களைத் தூக்கிக்கொண்டு போவதற்குக் கர்ணன் டேங்கிலேயே ஊற்றிவிடலாம் என்றார் பாண்டியம்மாள். விவசாயம் நடக்கிற எந்த இடமும் ஈக்கு ஆகாது என்ற முடிவுக்கு அவர் கோபத்தில் வரவில்லை. ஊர் ஊராகப் பஸ் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவர் தம்பி பாண்டீஸ்வரனுடையது. கீழே டயர் பஞ்சர் கடை, மேலே வீடு, அதற்கு மேல் மொட்டை மாடி. ஒரு சாயங்காலம் பாண்டியம்மாள் சாக்கில் கட்டிய பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

"அக்கா, நடு பஜார்ல ஈயக் கொண்டாந்து விடுறியே, கஸ்டமரக் கொட்டுனா?"

"ஏலே, உன் கடைப் புகைக்கே சாகாம இருக்கான் உன் கஸ்டமரு. ஈ கொட்டியா சாகப் போறான். ஏணியப் பிடி."

தெருவில் வேம்பு, புங்கை, தூங்குமூஞ்சி மரங்கள். யாரும் அவற்றுக்கு மருந்து அடிப்பதில்லை, யாருக்கும் அவற்றின்மேல் அக்கறையில்லை என்பதால். கூட்டம் தேறியது. அடுத்த வருடம் இரண்டாயிற்று.

அந்த வருடம் முருங்கை பூத்த நேரத்தில் கர்ணன் மாடிக்கு வந்தார். ஒரு வருடத்தில் வயது கூடிப்போயிருந்தது. அவர் தோட்டத்தில் பூ இருந்தது, காய் இல்லை. பெட்டியருகே குனிந்து, ஈக்கள் வந்து இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பெட்டி மட்டும் தாங்க மதினி. இனிமே கலக்கமாட்டேன், சத்தியம். காலையில வெல்லம் தனியா. மறுநா மருந்து தனியா."

பாண்டியம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கொழுந்தனாரே, பூ இருக்க மட்டும் மருந்தே வேண்டாம்னு சொல்றேன்."

"புழு மொட்டுலதான இருக்கு. பூ முடிஞ்ச பெறகு அடிச்சு யாருக்கு?"

பாண்டியம்மாள் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு பருவம். ஒரே ஒரு பருவம் உங்க தோட்டமும் உங்களச் சுத்தி இருக்க தோட்டமும் சும்மா இருக்கட்டும். புழு தின்னது போக மிச்சம் காய்க்கட்டும். நான் ரெண்டு பெட்டியும் கொண்டாறேன்."

கர்ணன் உண்மையாகவே முயன்றார். தன்னையும் சேர்த்து ஐந்து தோட்டக்காரர்கள்; அதில் மூன்று பேரைச் சம்மதிக்கவைத்தார். ஐந்தாமவர் கடன் வாங்கிச் சாகுபடி செய்தவர். புழுவுக்கு விட்டுக்கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. அவர் அடித்தார். அவர் அடித்ததும் புழு இங்கே வந்துவிடும் என்று அடுத்தவர் அடித்தார். கடைசியில் கர்ணனும் அடித்தார். அடிப்பதற்கு முந்தின சாயங்காலம், அடைக்க ஒரு பெட்டியும் இல்லாத பாண்டியம்மாள் வீட்டுக்குப் போய், நாளைக்கு மருந்து என்று சொல்லிவிட்டுத்தான் அடித்தார்.

இப்போது, 2010ல், மாடியில் ஐந்து பெட்டிகள் இருக்கின்றன. பாண்டியம்மாள் இன்னும் மயிலாடும்பாறையில்தான் இருக்கிறார். வாரத்துக்கு இருமுறை பஸ் ஏறி வந்து, பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டுச் சாயங்கால வண்டியில் திரும்புகிறார். சில நாள் ஈக்கள் பஸ் நிலையத்துக் கரும்புச்சாறு வண்டியில் மொய்த்துவிட்டு, காலில் மகரந்தமே இல்லாமல் திரும்பும். அந்த நாட்களில் அவர், வாசல் பலகையில் எந்த ஈயாவது பம்பரம்போலச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்து, சாயங்கால வண்டியைத் தவறவிடுவார்.