வயிற்றைத் தொடாதீர்கள்

போன சனிக்கிழமை துடியலூரில் ஒரு பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டே. ஓட்டப் பந்தயத்தில் என் தங்கை மகள் காவ்யா கடைசியாக வந்தாள். நாங்கள் குடும்பத்தோடு எழுந்து நின்று கை தட்டினோம். முதலில் வந்த குழந்தையின் அப்பா எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், காவ்யாவுக்கு நாலு வயது. குளிப்பாட்டும்போது இடது பக்க வயிற்றில் கெட்டியாக ஏதோ தட்டுப்படுவதாகத் தங்கை சொன்னாள். நான் அமுக்கிப் பார்த்தேன். நம் ஊரில் கை உள்ளவர்கள் எல்லோரும் டாக்டர்தானே? "வாயு அம்மணி. ஓமத் தண்ணி குடுத்துப்போடு" என்றேன். நல்லவேளை, தங்கை வழக்கம்போல என் பேச்சைக் கேட்கவில்லை.

ஸ்கேனில் தெரிந்தது – சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி. டாக்டர் நிதானமாகச் சொன்னார். குழந்தைகளுக்கு வரும் இந்தக் கட்டி பெரும்பாலும் குணமாகிவிடும். ஆபரேஷன் செய்து அந்தச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, சில மாதம் மருந்து. மீதி ஒன்றே போதும். ஆனால் ஆபரேஷன் வரை வயிற்றை யாரும் அமுக்கக் கூடாது. கட்டி உடைந்தால் நோய் பரவிவிடும்.

யாரும் என்றால்? தாராபுரத்துச் சொந்தங்கள் வேன் பிடித்து வந்து இறங்கினார்களே... ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்த கை நேரே வயிற்றுக்குப் போகும். பெரியவர்களிடம் வேண்டாமென்று சொல்லத் தங்கைக்கு வாய் வராது. "காப்பி சாப்பிடறீங்களாங்க?" என்று பேச்சை மாற்றுவாள். அப்படி ஒரு மரியாதை எங்களுக்கு!

நான் ஒரு போர்டு எழுதிக் காவ்யாவின் கட்டிலில் மாட்டினேன் – 'வயிற்றைத் தொடாதீர்கள்.' தங்கையின் மாமனார் அதைச் சத்தமாகப் படித்தார். கையெழுத்தைப் பாராட்டினார். "நா சும்மா ஒருக்கா பாத்துக்கறனுங்க" என்று கையை நீட்டினார்.

காவ்யா போர்வையை இழுத்துக்கொண்டாள். "அப்பாரு, கையை எடுங்க. உள்ள ஒடைஞ்சு போயிருமுங்க."

தாத்தாவின் முகம் சுண்டிப்போனது. அப்புறம் ஆபரேஷன் நாள் வரை அவர்தான் கட்டிலுக்குக் காவல். யார் வந்தாலும், "ஏனுங்க, போர்டு தெரியலீங்களா?"

கட்டி உடையாமல் முழுசாக வெளியே வந்தது. அன்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். மருந்தில் கொட்டிய முடி மெல்ல வளர்ந்தது. இப்போது ஓடுகிறாள்... கடைசியாக வந்தால் என்ன?

பந்தயம் முடிந்து ஐஸ்கிரீம் தின்றதில் அவள் வயிறு லேசாக உப்பியிருந்தது. என் கை தானாக நீண்டது.

பக்கத்தில் தங்கையின் மாமனார் இருமினார். "ஏனுங்க... அந்தப் போர்டு எழுதுனது நீங்கதானுங்களே?"