பதினேழாவது படம்

1986 கோடையில் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து காரிலும், பிறகு காரோடு கப்பலிலும் கிழக்குக் கரைத் தீவிலுள்ள சென்ற் ஜோன்ஸ் துறைமுகத்துக்குப் போனோம். எனக்குப் பதினொரு வயது. எங்களோடு தங்கியிருந்த, அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியான சித்தப்பாவும் வந்தார். யாழ்ப்பாணத்தில் தனித்திருந்த தன் தாயாருக்கு அனுப்பப் படங்கள் வேண்டும் என்றார். கமராவை என்னிடம் தந்தார். இருபத்துநான்கு படங்களுக்கும் கொப்பியில் எண் போட்டு வைத்தேன்.

மலைச்சரிவு முழுக்க மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக மரவீடுகள். சித்தப்பா ஒவ்வொரு வாசலிலும் ஜக்கற்றைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, வெறும் சேட்டோடு நின்று சிரித்தார். கடற்காற்றில் உதடு நடுங்கியது.

"ஏன் சித்தப்பா கழட்டுறியள்?"

"குளிருது எண்டு அங்கை தெரியக்கூடாது. உன்ரை நிழலும் விழக்கூடாது, பார்த்து எடு."

பதினேழாவது படத்தில் விழுந்துவிட்டது. ஸ்காபரோவில் கழுவி வாங்கியபோது, பச்சைக் கதவின் முன் நின்ற சித்தப்பாவின் காலடியில் இரட்டைப் பின்னலோடு என் நிழல். அவர் கத்தரிக்கோலால் அந்த ஓரத்தை நேராக வெட்டினார்.

பிறகு கடிதம் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'படங்கள் எல்லாம் தம்பி எடுத்தவன். வேலைக்கு ஓடித் திரியிறான், அதுதான் எழுத நேரமில்லை.'

"நான்தானே எடுத்தனான்?"

"ஓம் குஞ்சு. அது உனக்கும் எனக்கும் தெரியும்தானே. அவ்வளவு காணும்."

"உங்கடை தம்பி இஞ்சை இல்லையே. ஏன் பொய் எழுதுறியள்?"

"போய் முத்திரையை எடுத்துக்கொண்டு வா."

மன்னாரில் படகேறிய அந்தத் தம்பி இராமேஸ்வரத்தில் இறங்கவேயில்லை. பெரியவர்கள் அதை அப்போது என் காதுக்கு வரவிடவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், மூன்று நாள் மேடேறி இறங்கி நான் எடுத்த படங்கள் முகம் தெரியாத ஒருவர் கணக்கில் போகின்றன என்பதுதான். முத்திரையோடு திரும்பியபோது சித்தப்பா கைகழுவப் போயிருந்தார். வெட்டிய படத்தின் பின்புறம் பென்சிலால் சிறிதாக எழுதினேன்: 'எண் 17. எடுத்தது நான்.' கீழே என் பெயரும் வயதும். அவர் திருப்பிப் பார்க்காமல் உறையில் வைத்து ஒட்டினார்.

பதில் வர இரண்டரை மாதம் ஆயிற்று. வழக்கமாக நாலு பக்கம் வருவது, இம்முறை ஒரு பக்கம். சித்தப்பா நின்றபடியே வாசித்தார், கதிரையில் இருந்து மறுபடி வாசித்தார். பிறகு கடிதத்தை என்னிடம் நீட்டினார். 'பிள்ளை வடிவாய்ப் படம் எடுத்திருக்கிறாள். குளிருக்குள்ளை தடிச்ச சட்டையைப் போட்டுக்கொண்டு நில் மோனை' என்றிருந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியிலேயே வரும் 'தம்பி எப்பிடி?' என்ற கேள்வி அதில் இல்லை. பிறகு வந்த எந்தக் கடிதத்திலும் இல்லை.

சித்தப்பா என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பின்னலைத் தொட்டுவிட்டு, ஜக்கற்றையும் எடுக்காமல் வெளியே போனார். நான் கொப்பியைத் திறந்து பதினேழுக்கு நேரே 'மிக நன்று' என்று எழுதி, அடிக்கோடும் இட்டேன்.